தூரம் குறையவில்லை

 



மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே சாலை வழியாகச் சுமார் 450 கிலோமீட்டர். கி.பி. 622ல் அண்ணலார் அவர்கள் ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களுடன் தவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கி, அப்துல்லாஹ் இப்னு உரைகித் வழிகாட்ட, வழக்கமான பாதையை விட்டுக் கடலோரப் பக்கமாக ஒட்டகத்தில் சென்றார்கள். குபாவை அடைய ஒரு வாரத்திற்குக் குறையவில்லை. இன்றோ பேருந்தில் ஐந்தாறு மணி நேரம். 2018ல் தொடங்கிய ஹரமைன் அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். மக்காவில் விமான நிலையம் இல்லை. ஜித்தாவிலிருந்து மதீனாவுக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரமே.

உம்ரா சென்று வந்த இளைஞர் ஒருவர் என்னிடம், "ஹஜ்ரத்! சோறு ஆறுவதற்குள் ஊர் வந்துவிடுகிறது. இதற்கு எதற்குக் கஸ்ர் தொழுகை?" என்று கேட்டார்.

நம் முன்னோர்களான ஃபுகஹாக்கள் விமானத்தைக் கண்டதில்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கண்டிருக்கிறார்கள்! ஹிஜ்ரி 676ல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது 'மின்ஹாஜ்' நூலில், கடற்பயணமும் தரைப்பயணம் போன்றதே என்றும், அத்தொலைவைச் சிறிது நேரத்தில் கடந்துவிட்டாலும் கஸ்ர் உண்டு என்றும் தீர்ப்பளித்துள்ளார்கள். அளவுகோல் தூரமே, நேரமன்று. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் நடைத்தொலைவு. இன்றைய கணக்கில் இரண்டும் 80 கிலோமீட்டரை ஒட்டியே வருகின்றன. அச்சம் நீங்கிய பிறகும் ஏன் சுருக்கித் தொழ வேண்டும் என்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களே வினவியதுண்டு. இது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே நபியவர்களின் பதிலாக இருந்தது. ஹனஃபிகளுக்கோ கஸ்ர் வாஜிபே ஆகும்.

சலுகை நீங்காதது போலவே கடமையும் நீங்காது. இதைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர்.

மதீனாவிலிருந்து உம்ராவுக்காக மக்கா செல்வோருக்கு மீக்காத் எல்லை துல்ஹுலைஃபா. பேருந்து அங்கே நிற்கும். குளித்து, இஹ்ராம் உடுத்தி, நிய்யத் செய்யலாம். விமானம் நிற்குமா? நம் ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இஹ்ராம் துணியைப் பெட்டியில் வைத்துச் சரக்கோடு அனுப்பிவிட்டார். ஜித்தாவில் இறங்கி, பெட்டி வந்த பிறகே உடுத்தி நிய்யத் செய்தார். எல்லை எப்போதோ கடந்துவிட்டது! திரும்பிச் செல்லவும் வழியில்லை. ஹரம் எல்லைக்குள் ஓர் ஆடு அறுத்து 'தம்' கொடுக்க நேர்ந்தது. பணம் போனதைவிட, "எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்று அவர் கலங்கியதுதான் என்னை வருத்தியது. சொல்லாத குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

எனவே ரயிலோ விமானமோ, மதீனாவில் தங்குமிடத்திலேயே குளித்து உடுத்திக்கொள்ளுங்கள். புறப்படும்போதே நிய்யத்தும் தல்பியாவும் சொல்லிவிடுங்கள். எல்லைக்கு முன்பே இஹ்ராம் கட்டுவது இரு மத்ஹபுகளிலும் கூடும். இவ்வாண்டு பயணம் செல்வோர் ஜும்ஆவுக்குப் பின் சற்று அமருங்கள். இஹ்ராம் உடுத்தும் முறையைக் காட்டித் தருகிறேன், இன்ஷா அல்லாஹ்.