சார்லஸ் சம்னர்: தோற்ற வழக்கும் தோற்காத வாதமும்



கல்விக்கெனத் தோன்றிய நம் கழகத்தின் வெள்ளி விழாவில், ஒரு சிறுமி பள்ளிக்கு நடந்த வழியை நினைவுகூர விரும்புகிறோம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வாழ்ந்தவள் சாரா ராபர்ட்ஸ் என்னும் கறுப்பினச் சிறுமி. தன் இனத்தார்க்கென ஒதுக்கிய பள்ளியை அடைய, வெள்ளையர் பள்ளிகள் ஐந்தைக் கடந்து அவள் நடக்க வேண்டியிருந்தது. அச்சுத்தொழில் செய்த அவள் தந்தை பெஞ்சமின் ராபர்ட்ஸ், நகராட்சியின் மீது வழக்குத் தொடுத்தார். 1849இல் அவ்வழக்கை வாதாடியவரே சார்லஸ் சம்னர். கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மோரிஸ் அவருக்குத் துணை நின்றார்.

சம்னர் 1811இல் பாஸ்டனில் பிறந்தார். ஹார்வர்டில் சட்டம் பயின்றார். 1838இல் பாரிஸ் சென்றபோது, வகுப்பறையில் கறுப்பின மாணவர் பிறரோடு ஒன்றாக அமர்ந்திருக்கக் கண்டார். தம் நாட்டில் நிலவும் வேற்றுமை இயற்கையன்று, கற்பிக்கப்பட்டதே எனத் தம் நாட்குறிப்பில் எழுதினார். அத்தெளிவே பின்னர் நீதிமன்றத்தில் வாதமாயிற்று. சட்டத்தின் முன் அனைவரும் சமம். பிரித்து வைப்பதே இழிவு. அப்பிரிவினை வெள்ளைக் குழந்தைகளின் உள்ளத்தையும் கெடுக்கும் என்றார் அவர்.

1850இல் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. ஆயினும் கறுப்பினப் பெற்றோர் ஓயவில்லை. விண்ணப்பித்தனர்; தனிப்பள்ளியைப் புறக்கணித்தனர். 1855இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பள்ளிகளில் நிறப் பிரிவினையைச் சட்டத்தால் விலக்கியது.

1851இல் செனட் உறுப்பினரான சம்னர், அடிமை முறையை அஞ்சாது சாடினார். 1856 மே 22ஆம் நாள், தென்மாநில உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ், செனட் அவையிலேயே அவரைக் கைத்தடியால் குருதி பெருக அடித்து வீழ்த்தினார். உடல் தேறி அவைக்கு முழுமையாகத் திரும்ப மூன்றாண்டுகளுக்கு மேலாயின. அந்நிலையிலும் 1857இல் மாநிலச் சட்டமன்றம் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தது. அவருடைய வெற்று இருக்கையும் அடிமை முறைக்கு எதிராகப் பேசிற்று.

அடிமை முறை 1865இல் ஒழிந்த பின்னும் அவர் அமைதி கொள்ளவில்லை. பள்ளி, விடுதி, இரயில், நாடக அரங்கு யாவற்றிலும் சம உரிமை வேண்டி 1870இல் மசோதா கொணர்ந்தார். 1874இல் இறக்கும் தறுவாயிலும், அம்மசோதாவைக் கைவிடாதீர் என்றே நண்பர்களிடம் வேண்டினார். 1875இல் அது சட்டமாயிற்று. ஆனால் பள்ளிகளைப் பற்றிய பகுதி நீக்கப்பட்டிருந்தது. எஞ்சியதன் உயிர்ப்பகுதியையும் 1883இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது.

1896இல் அதே நீதிமன்றம், பிரித்து வைப்பதை நியாயப்படுத்தச் சாராவின் வழக்குத் தீர்ப்பையே மேற்கோள் காட்டிற்று. 1954இலோ, பள்ளிப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரண் எனத் தீர்ப்பளித்தது. சம்னரின் வாதம் வெல்ல நூற்றைந்து ஆண்டுகள் சென்றன.

இளைஞர்களே! சம்னரின் சட்ட அறிவைப் போற்றுவோம். ஆயினும் வழக்கைத் தொடங்கியவர் ஓர் அச்சுத்தொழிலாளத் தந்தை. தோல்விக்குப் பின் அதைச் சுமந்தவர் பெற்றோர். கற்றவரின் வாதமும் மக்களின் உறுதியும் சேர்ந்தபோதே கதவு திறந்தது. நம்முள் கற்றவர், கல்லாத பெற்றோரை விட்டு விலகாதிருப்பாராக. அதுவே இவ்விழாவில் நாம் ஏற்கும் உறுதி.