வலையமைப்புக் கம்பியில் வரும் மின்சாரம்

கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் கேபிளுக்குள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்ட எட்டுக் கம்பிகள் உள்ளன. தகவல் செல்லும் அதே கேபிளில் நேர்திசை மின்சாரத்தையும் அனுப்பி, தனி பிளக் பாயின்ட் இல்லாமலேயே கண்காணிப்புக் கேமரா, வைஃபை கருவி, மேசைத் தொலைபேசி ஆகியவற்றை இயக்கும் முறைக்கு, ஐஇஇஇ என்னும் பொறியாளர் அமைப்பு 2003ஆம் ஆண்டில் முதல் தர விதியை வகுத்தது.

ஓர் இணையின் இரு கம்பிகளுக்கும் இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாடே தகவல் என்பதால், இரண்டிலும் சமமாக ஏற்றப்படும் மின்சாரம் அதைக் குலைப்பதில்லை. இதைவிட வியப்புக்குரியது மின்சாரம் பாய்வதற்கு முன் நடக்கும் சோதனையாகும். கேபிளைச் செருகியதும், மின்சாரம் வழங்கும் ஸ்விட்ச் என்னும் இணைப்புப் பெட்டி, 10 வோல்ட்டுக்கு மிகாத சிறு அழுத்தத்தை அனுப்பி, மறுமுனையில் ஏறத்தாழ 25 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என அளக்கிறது. அந்த அடையாளம் தென்பட்ட பிறகே 48 வோல்ட் அளவிலான முழு அழுத்தம் திறக்கப்படுவதால், இவ்வசதியில்லாத பழைய கணினியைத் தவறிச் செருகினாலும் அது கருகுவதில்லை. விதியிலேயே இக்காப்பை எழுதிவைத்தோரின் பொறுப்புணர்வு போற்றத்தக்கது. இச்சோதனையைச் செய்யாமலே கேபிளில் மின்சாரத்தை ஏற்றும் ‘பாசிவ்’ இன்ஜெக்டர் என்னும் மலிவான கருவிகளும் விற்பனையில் இருப்பதால், வாங்குவோர் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

முதல் விதிப்படி 15.4 வாட் அனுப்பினால், 100 மீட்டருக்கு அப்பால் 12.95 வாட் உறுதியாகக் கிடைக்கும். எஞ்சியது கம்பியில் வெப்பமாகிறது. 2018ஆம் ஆண்டின் விதி 90 வாட் வரை இடமளிப்பதால், கேபிள்களைக் கட்டாக இறுக்கும் இடங்களில் நடுவிலுள்ளவை சூடேறும். செப்புப் பூசிய அலுமினியக் கம்பிகள் இன்னும் கூடுதலாகச் சூடேறும் என்பதால் இவ்வேலைக்கு ஏற்றவையல்ல.