மாவும் வெடிக்கும்

(தோட்ட மண்டபமொன்றில் நடைபெற்ற வேலையிடப் பாதுகாப்புக் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற காலத்தில், எங்கள் அறிவியல் விரிவுரையாளர் ஒரு நாள் பழைய பிஸ்கட் டின் ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். அதன் பக்கவாட்டில் ஒரு துளை. துளையில் ஒரு ரப்பர்க் குழாய். குழாயின் உள்வாயில் ஒரு தேக்கரண்டி உலர்ந்த மாவை இட்டார். டின்னுக்குள் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து மூடியைப் பொருத்தினார். பின்னர்த் தொலைவில் நின்று குழாயின் மறுமுனையில் ஊதினார். அடுத்த கணம் பேரொலியுடன் மூடி பறந்து கூரையில் மோதியது. "ஐயா, நாம் உண்ணும் மாவா இப்படி வெடித்தது?" என்று மாணவி ஒருத்தி கேட்டாள். அதற்கு அவர், "அதே மாவுதான் அம்மா. அது சாக்கில் கிடக்கிறதா, காற்றில் பறக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது" என்றார்.

இச்சோதனையை வீட்டில் எவரும் செய்து பார்க்கக்கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆசிரியரின் மறுமொழியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய நாடுகள் பல உயிர்களைப் பறிகொடுத்த பின்னர் இயற்றிய ஒரு பாதுகாப்புச் சட்டத்தின் சாரம் முழுவதும் அம்மறுமொழியில் அடங்கியிருக்கிறது. அச்சட்டத்தைப் பற்றியே இன்று உங்களிடம் பேச வந்துள்ளேன்.

தூரின் நகரத்து விளக்கு

1785ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் மாலை, இத்தாலியின் வடபகுதியில் உள்ள தூரின் நகரில், ரொட்டி செய்யும் ஒருவரின் மாவுக் கிடங்கில் வெடிப்பு நிகழ்ந்தது. அங்கு வேலை செய்த சிறுவன் ஒருவன், கீழ்த்தளத்தில் இருந்த சலிக்கும் பொறிக்குள் விழும்படி மாவைத் தோண்டித் தள்ளிக்கொண்டிருந்தான். திடீரென்று பெருமளவு மாவு சரிந்து விழுந்தது. எழுந்த மாவுப்புகை சுவரில் தொங்கிய விளக்கைத் தொட்டது. சன்னற் சட்டங்கள் பெயர்ந்து தெருவில் விழுந்தன. சிறுவனின் முகமும் கைகளும் தீய்ந்தன.

மொரோசோ பிரபு என்னும் அறிஞர் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து அந்நகரின் அறிவியற் கழகத்திற்கு எழுதினார். அவ்வாண்டு மழையின்மையால் மாவு வழக்கத்தைவிட மிகவும் உலர்ந்திருந்தது என்பதையும் அவர் குறித்திருக்கிறார். மாவுத் தூசி வெடிக்கும் என்பதை உலகுக்கு உணர்த்திய பழைய பதிவுகளுள் இதுவே புகழ்பெற்றது எனலாம்.

வெடிப்பு எவ்வாறு நேர்கிறது?

தீ எரிவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும். எரியும் பொருள் ஒன்று. காற்றில் உள்ள உயிர்வளி மற்றொன்று. பற்றவைக்கும் வெப்பம் மூன்றாவது. விறகுக் கட்டை மெதுவாக எரிகிறது. அதையே தூளாக்கிக் காற்றில் பரப்பினால் ஒவ்வொரு துகளையும் காற்றுச் சூழ்ந்துகொள்கிறது. அனைத்தும் ஒருசேரப் பற்றுகின்றன. அடைபட்ட இடமாயின் வெப்பத்தால் விரியும் காற்று சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. இதுவே வெடிப்பு. கோதுமை மாவு மட்டுமன்று. சர்க்கரை, மரத்தூள், தானியத் தூசி, நிலக்கரித் தூள், அலுமினியத் தூள் ஆகியனவும் இவ்வாறு வெடிக்கக்கூடியவை. பெட்ரோல், மீத்தேன் முதலியவற்றின் ஆவியும் வாயுவும் அவ்வாறே. காற்றில் மீத்தேன் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது ஒரு சிறு பொறி போதும்.

தூசியின் வெடிப்பில் மற்றொரு கொடுமையும் உண்டு. முதல் வெடிப்பு பெரும்பாலும் சிறியதே. ஆனால் அதன் அதிர்ச்சி, உத்தரங்களின்மீதும் குழாய்களின்மீதும் பல மாதங்களாகப் படிந்து கிடக்கும் தூசியை உதறி எழுப்பிவிடுகிறது. அந்தத் தூசிப் படலத்தை முதல் வெடிப்பின் தீ பற்றிக்கொள்கிறது. கட்டடத்தைத் தரைமட்டமாக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வெடிப்பே. தரை முழுவதும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் படிந்த தூசியே, கிளறப்பட்டால், சாதாரண உயரமுள்ள ஓர் அறையை வெடிக்கும் தூசிப் படலத்தால் நிரப்பப் போதும் என்று ஐரோப்பிய வழிகாட்டி நூல் கூறுகிறது. விரலால் கோடிழுத்தால் தடம் தெரியும் அளவுத் தூசியை நாம் எத்தனை முறை "நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டிருக்கிறோம்!

1979ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் ஜெர்மனியின் பிரேமன் நகரத்து மாவாலையில் நேர்ந்த வெடிப்பில் 14 பேர் மாண்டனர். 1982ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் பிரான்சின் மெட்ஸ் நகரத்துத் தானியக் கோபுரத்தில் 12 பேர் மாண்டனர். 1997ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் அதே பிரான்சின் பிளே என்னும் ஊரில் தானியக் கோபுரங்கள் வெடித்துச் சரிந்தபோது 11 பேர் உயிரிழந்தனர். அங்கே அலுவலகம் கோபுரங்களின் அடியிலேயே இருந்தது. தூசியோடு நேரடித் தொடர்பில்லாமல் மேசையில் அமர்ந்து பணியாற்றியவர்கள்மீதும் கோபுரம் சரிந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

சட்டம் கூறுவது என்ன?

ஐரோப்பிய ஒன்றியம் 1999ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஓர் ஆணையைப் பிறப்பித்தது. வெடிக்கக்கூடிய காற்றுச் சூழலில் பணியாற்றும் தொழிலாளர்களைக் காப்பதற்கான குறைந்தபட்ச விதிகள் அதில் அடங்கியுள்ளன. உறுப்பு நாடுகள் 2003ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளுக்குள் அதைத் தத்தம் சட்டமாக்க வேண்டும் என்றும், அதற்கு முன்பே இயங்கிவந்த வேலையிடங்கள் 2006ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளுக்குள் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றும் கெடு விதிக்கப்பட்டது. இதையும், இத்தகைய இடங்களுக்குரிய கருவிகளைப் பற்றிய மற்றோர் ஆணையையும் சேர்த்து 'அடெக்ஸ்' விதிகள் என்று சுருக்கமாக அழைப்பர். வெடிமருந்து செய்யும் இடங்களும் சுரங்கங்களும் இந்தத் தொழிலாளர் ஆணையில் சேரா. அவற்றுக்கு வேறு விதிகள் உண்டு.

இவ்வாணையின் சிறப்பு அதன் வரிசை முறையில் இருக்கிறது. முதலாவதாக, வெடிக்கும் சூழல் உருவாகாமலே தடுக்கவேண்டும். தொழிலின் தன்மையால் அது இயலாதபோது, தீப்பற்றும் காரணங்களை விலக்கவேண்டும். அதன் பின்னரும் வெடிப்பு நேர்ந்தால் தொழிலாளருக்குத் தீங்கு குறையும்படி ஏற்பாடு செய்யவேண்டும். இவ்வரிசையை மாற்றக்கூடாது.

ஏன்? பொறியைத் தடுப்பதை மட்டும் நம்பினால் எத்தனைப் பொறிகளைத் தடுப்பது? ஐரோப்பியத் தரநூல் தீப்பற்றும் காரணங்களை 13 வகையாகப் பிரித்துக் கூறுகிறது. சிகரெட்டும் வெல்டிங் பொறியும் நம் கண்ணுக்குத் தெரியும். சூடேறிய பேரிங் தெரியாது. சாக்கிலிருந்து தூளைக் கொட்டும்போது உண்டாகும் நிலைமின்சாரம் தெரியாது. பொறியோ எண்ணற்றது, தூசியோ ஒன்றே. ஆகவே முதலில் தூசியை அகற்று என்கிறது சட்டம். படிந்து கிடக்கும் தூசிப் படிவுகளையும் குவியல்களையும்கூட, வெடிக்கும் சூழலை உண்டாக்கக்கூடிய மூலங்களாகவே கருதவேண்டும் என்று அதன் இணைப்பில் எழுதப்பட்டுள்ளது.

அடுத்து, முதலாளி தம் வேலையிடத்தின் ஆபத்தை மதிப்பிட்டு மண்டலங்களாகப் பிரிக்கவேண்டும். வாயுவுக்கும் ஆவிக்கும் 0, 1, 2 என மூன்று மண்டலங்கள். தூசிக்கு 20, 21, 22 என மூன்று. இடையறாமலோ அடிக்கடியோ ஆபத்துள்ள இடம் 0 அல்லது 20. வழக்கமான வேலையின்போது இடையிடையே ஆபத்து எழக்கூடிய இடம் 1 அல்லது 21. வழக்கமாக எழாது, எழுந்தாலும் சிறிது நேரமே நிலைக்கும் என்னும் இடம் 2 அல்லது 22. அந்தந்த மண்டலத்திற்குத் தகுந்த கருவிகளையே அங்குப் பயன்படுத்தலாம். இவையனைத்தையும் எழுதி 'வெடிப்புப் பாதுகாப்பு ஆவணம்' என்னும் ஏட்டை வைத்திருப்பதும், மாறுதல் நேரும்போதெல்லாம் அதைத் திருத்துவதும் முதலாளியின் கடமை.

ஆபத்தான இடத்தின் வாயிலில் மஞ்சள் நிற முக்கோணம் ஒன்றை மாட்டவேண்டும். கருநிற விளிம்பு; நடுவில் ஈ, எக்ஸ் என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் கறுப்பில். தொழிலாளருக்குத் தக்க பயிற்சி அளிக்கவேண்டும். ஆபத்தான வேலைகளுக்கு எழுத்து மூலமான அனுமதிச் சீட்டு வழங்கவேண்டும். ஒரே இடத்தில் பல குத்தகைக்காரர்களின் ஆட்கள் வேலை செய்தால், அந்த இடத்துக்குப் பொறுப்பான முதலாளியே பாதுகாப்பை ஒருங்கிணைக்கவேண்டும். இவ்விதியை நான் பெரிதும் போற்றுகிறேன். ஏனெனில் நேற்று வந்த குத்தகை ஆளுக்குத்தான் எந்தக் குழாயில் என்ன ஓடுகிறது என்பது தெரியாது.

ஏட்டில் உள்ள சட்டம் உயிரைக் காக்குமா?

சட்டம் வந்துவிட்டதால் விபத்துகள் ஒழிந்தன என்று சொல்ல நான் வரவில்லை. 2005ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் தொட்டி நிறைந்து பெட்ரோல் வழிந்தது. அளவு காட்டும் கருவி சிக்கிக்கொண்டது. தானாக நிறுத்தவேண்டிய மற்றொரு கருவியும் இயங்கவில்லை. பரவிய ஆவி வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையாக இருந்ததால் உயிரிழப்பு நேரவில்லை. 2015ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாளோ, அதே நாட்டின் பாஸ்லி என்னும் சிற்றூரின் மரத்தூள் ஆலையில் நேர்ந்த வெடிப்பில் நால்வர் மாண்டனர். இவ்விரண்டும் நிகழ்ந்தபோது அந்நாடு ஒன்றியத்தின் உறுப்பு நாடே. விதிகளும் நடைமுறையில் இருந்தன.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? ஆவணம் அலமாரியில் இருந்தால் போதாது. அது துடைப்பம் பிடிக்கும் கைக்கு எட்டவேண்டும். தூசியை அழுத்தக் காற்றால் ஊதி விரட்டுபவர், தம்மையறியாமல் அன்று என் ஆசிரியர் செய்த சோதனையையே ஆலையளவில் செய்கிறார். ஊதாமல், அதற்கென அமைந்த உறிஞ்சும் இயந்திரத்தால் எடுப்பதே முறை. ஏன் ஊதக்கூடாது என்று அவருக்கு எவரேனும் விளக்கியிருக்க வேண்டும் அன்றோ?

நமக்கு என்ன?

ஐரோப்பியரின் ஆணை நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் தூசிக்கும் வாயுவுக்கும் நாட்டெல்லை கிடையாது. செம்பனை ஆலைகளின் கழிவுநீரிலிருந்து மீத்தேன் வாயு எடுக்கும் நிலையங்கள் நம் நாட்டிலும் உள்ளன. நமக்கென 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து உண்டு என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, அதை அகற்ற முதலாளி நடவடிக்கை எடுக்காவிடின், தொழிலாளி அவ்விடத்தைவிட்டு விலகலாம். இது அச்சத்தின் அடையாளமன்று. சட்டம் தந்த உரிமை.

ஆகவே, அன்பர்களே, நாளைக் காலை வேலைக்குச் செல்லும்போது மேற்பார்வையாளரிடம் மூன்று கேள்விகளைப் பணிவுடன் கேளுங்கள். இங்கே வெடிக்கக்கூடிய பொருள் எது? அது காற்றில் கலக்காமல் தடுப்பது எது? ஆபத்து நேர்ந்தால் நாங்கள் எவ்வழியே வெளியேறுவது? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால், விடை கிடைக்கும்வரை பாதுகாப்புக் குழுவின் வாயிலாகக் கேட்டுக்கொண்டே இருங்கள். கேள்வி கேட்பவன் வேலைக்கு இடையூறு செய்பவன் அல்லன். மாலையில் அனைவரும் வீடு திரும்ப வழி செய்பவன்.

தூரின் நகரத்துச் சிறுவனுக்கு மாவு வெடிக்கும் என்று சொல்ல அன்று எவருமில்லை. நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நாம் இருக்கிறோம்.