இடாப்பில் வெறுமையாக விட்ட இடம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் ஒரு தொலைக்காட்சிப் படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். காரணம் கடைசியில் விளங்கும்.

1984 செப்டெம்பர் 23 இரவு பி.பி.சி. 'திரெட்ஸ்' என்ற படத்தைக் காட்டியது. 'இழைகள்' என்று பொருள். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் இலண்டன் போய்ச் சேர்ந்த எங்களில் நால்வர் ஒரே அறையில் இருந்து அதைப் பார்த்தோம்.

பரி ஹைன்ஸ் எழுதி, மிக் ஜாக்சன் நெறிப்படுத்திய படம். அணுகுண்டு விழுந்தால் ஷெஃபீல்ட் நகரத்துக்கு என்ன நடக்கும் என்பதே கதை. கார்ல் சேகன் முதலான விஞ்ஞானிகளிடம் கேட்டறிந்து எடுத்தார்கள். ஊர்ச் சனங்களே காயப்பட்டவர்களாக நடித்தார்கள். எரிகாயம் காட்டத் தக்காளி சோஸும் அரிசிப் பொரியும் பூசினார்களாம். இதே பொருளில் 1965இல் பீற்றர் வொட்கின்ஸ் எடுத்த 'த வோர் கேம்' படத்தை, பார்ப்பவர்கள் தாங்கமாட்டார்கள் என்று இருபது வருடம் தொலைக்காட்சியில் காட்டாமல் வைத்திருந்தார்கள்.

குண்டு விழுந்தபோது நாங்கள் அழவில்லை. கடைசிப் பகுதியில்தான் அழுதோம். யுத்தத்துக்குப் பின் பிறந்த பிள்ளைகள் பழைய பாட ஒளிநாடா ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பேச்சே சரியாக வராது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை அறிந்தவர்கள் நாங்கள். ஊரில் இருக்கும் எங்கள் தங்கைமாரும் இப்படி ஆகிவிடுவார்களோ என்று பயந்தோம்.

அணுகுண்டையும் எங்கள் யுத்தத்தையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பயம் பொய்த்ததற்குக் காரணம் இருக்கிறது.

1995 ஒக்டோபர் 30. கொட்டும் மழையில் வலிகாமமே நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. எங்கள் ரீச்சர் ஒருவர் உடுப்புப் பையோடு வகுப்பு இடாப்பையும் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோனார். தென்மராட்சியில் மாமரத்தடியில் பின்னேர வகுப்புத் தொடங்கியபோது, எங்களிற் சிலரும் அவரோடு படிப்பித்தோம். முதல் நாள் பெயர் கூப்பிட்டார். பாதிப் பேர்கூட இல்லை. வராதவர்களுக்குக் கோடு போடாமல் இடத்தை வெறுமையாக விட்டார்.

“வருவினம்” என்றார்.

பலர் வந்தார்கள். சில இடங்கள் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றன.

அறுந்த இழையைப் பிடித்து வைத்தது அந்தக் கை. ஷெஃபீல்டில் நடக்காத ஒன்றைக் கற்பனை செய்து அவ்வளவு கவனமாகப் படமெடுத்தார்கள். நடந்ததைக் கண்ட நாங்கள், எங்கள் பாடசாலையின் கதையை ஒரு மணித்தியாலம் தன்னும் பதிந்து வைக்கவில்லை. எங்கள் ஆசிரியைகளுக்கோ வயது போகிறது.

ரொறன்ரோவில், சிட்னியில், கொழும்பில், இங்கே இருக்கும் சகோதரிகளே, கைத்தொலைபேசி போதும். உங்கள் ரீச்சரின் முன்னால் போய் இருங்கள். அவர் பேசட்டும். அந்த வெறும் இடங்களுக்குரிய பெயர்களையும் சொல்லட்டும்.