தண்ணீர் குடித்த செல்போன்

(அறக்கட்டளை அலுவலகத்தில் மஃரிப் தொழுகைக்குப் பின் நடைபெற்ற குடும்ப ஒன்றுகூடலில் செயலாளர் ஆற்றிய உரை)



மழைக்காலம் தொடங்குமுன் செல்போனைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள் என்று நிர்வாகக் குழுவில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கல்வி உதவி, மருத்துவ உதவி என்று பேச எவ்வளவோ இருக்க, செல்போனுக்கு ஓர் உரையா? பழைய மனுக்களைப் புரட்டிப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நமதூர் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அதற்குப் பின் வந்த மனுக்களில் பாய், பாத்திரம், அரிசிக்கு அடுத்தபடியாகக் கேட்கப்பட்டது செல்போன்தான்.

அதை அன்று எதிர்த்தவன் நான். ஏழைகளின் பணத்தில் போன் வாங்கிக் கொடுப்பதா என்று குழுவில் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். அப்போது தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு லாத்தா வந்தார். "காக்கா, எனக்குப் புது போன் வேண்டாம். அளவு அனுப்புறது, ஜாக்கெட் மாடல் அனுப்புறது எல்லாம் இதுலதான். பிள்ளைகளோட வாப்பா சவூதியிலிருந்து பேசி அனுப்பின வாய்ஸும் இதுலதான் இருக்கு. அதை மட்டும் எடுத்துத் தந்தாப் போதும்" என்றார். கணவர் மவுத்தாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அந்தப் போனை இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்திருக்கிறார். பிறகு உயிர் வருகிறதா என்று சார்ஜ் போட்டுப் பார்த்திருக்கிறார், அதுவும் நாலைந்து தடவை. பழுது பார்க்கும் தம்பி திறந்து காட்டினார். சார்ஜ் ஏறும் இடத்தைச் சுற்றிப் பச்சையாகப் பூத்து, பலகை கருகியிருந்தது. வாட்ஸ்அப் பேக்கப்பும் போட்டு வைக்கவில்லை. நாத்தனாரின் போனில் கிடந்த இரண்டு மூன்று வாய்ஸ் மட்டும் கிடைத்தது. மற்றதெல்லாம் போனது போனதுதான்.

ஆகவே இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். தண்ணீரில் விழுந்த போனுக்குச் சார்ஜ் போடாதீர்கள். உடனே அணைத்துவிடுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி, துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், வெயிலும் வேண்டாம். அரிசியும் வேண்டாம். அதன் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது. கூடிய சீக்கிரம் கடைக்குக் கொண்டுபோய்த் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கடல் தண்ணீர் என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது, உப்பு பலகையைத் தின்றுவிடும். பேட்டரி உப்பியிருந்தால் அந்தப் போனை வீட்டுக்குள்ளேயே வைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

வாரண்டி இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் தண்ணீர் பாதிப்புக்கு வாரண்டி தருவதில்லை. சிம் போடும் துளைக்குள் ஒரு சின்ன வெள்ளை அடையாளம் பல போன்களில் இருக்கும். தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். சர்வீஸ் சென்டரில் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது அதைத்தான். ஐபி68 என்று பெட்டியில் போட்டிருப்பது, ஆய்வுக்கூடத்தில் நல்ல தண்ணீரில் சோதித்துத் தந்த எண். நம் தெருவில் ஓடிய தண்ணீருக்கு அல்ல.

பழுது பார்ப்பதா, வேறு வாங்குவதா? அலுவலகத்தில் நாங்கள் வைத்திருக்கும் கணக்கு இது. அதே மாடல் பழைய போன் கிடைக்கும் விலையில் பாதிக்கு மேல் பழுதுச் செலவு சொன்னால் விட்டுவிடுங்கள். தண்ணீர் குடித்த போன் இன்று ஓடினாலும் மூன்று மாதத்தில் மறுபடி படுக்கலாம். உள்ளே இருக்கும் படங்கள்தான் வேண்டும் என்றால், "டிஸ்ப்ளே மாற்ற வேண்டாம், உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துத் தாருங்கள்" என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பழைய போன் வாங்குவது. அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை, என் சட்டைப்பையில் இருப்பதும் பழையதுதான். ஆனால் வாங்குமுன் அந்தப் போனில் *#06# அழுத்துங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கேஒய்எம் என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தடை செய்யப்பட்டது, போலி எண் என்று பதில் வந்தால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள். திருட்டுப் பொருளாக இருக்கலாம். விற்பவருடைய கூகுள் கணக்கை உங்கள் கண் முன்னாலேயே நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிறகு ரீசெட் செய்யும்போது பழைய கணக்கைக் கேட்டுப் போன் பூட்டிக்கொள்ளும். பில் கேட்டு வாங்குங்கள்.

விற்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கடை வைத்திருக்கும் தம்பிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியதும், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதும் மதரஸாவில் நாம் எல்லோரும் ஓதியதுதான். வெள்ளத்தில் நனைந்த போனைத் துடைத்து, கவர் மாட்டி, "கண்டிஷன் நல்லா இருக்கு" என்று விற்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

தவணைக்கு வருகிறேன். வெள்ள நிவாரணமாக அரசு தந்த 6,000 ரூபாயை அப்படியே முன்பணமாகக் கட்டி, தவணையில் புது போன் எடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. வட்டியே இல்லை என்றுதான் கடையில் சொல்வார்கள். ரிசர்வ் வங்கி 2013-லேயே பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, அந்த வட்டி வேறு கட்டணங்களுக்குள் ஒளிந்திருக்கிறது என்று வங்கிகளுக்கு எழுதிவிட்டது. நீங்கள் ஒன்று செய்யுங்கள். ரொக்கம் கொடுத்தால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். 15,000 ரூபாய் போனுக்கு ரொக்கத்தில் ஆயிரம் குறைகிறது, தவணையில் குறையவில்லை என்றால், அந்த ஆயிரத்துக்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள். தவணை தவறினால் அபராதம் வேறு.

போன் போனாலும் சிம் பெரும்பாலும் பிழைத்திருக்கும். ஒரு சாதாரண பட்டன் போனில் போட்டுவிட்டால் ஓடிபி வரும், கேஸ் பதிவு ஆகும். பணம் அனுப்பக்கூட 2022 முதல் பட்டன் போனுக்கு யுபிஐ 123பே வந்துவிட்டது. சிம்மை மாற்றி வாங்க நேர்ந்தால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, பயந்துவிடாதீர்கள்.

அன்று என் எதிர்ப்பைக் குழு ஏற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்த லாத்தாவுக்கு ஒரு பழைய போன் வட்டியில்லாக் கடனாக வாங்கிக் கொடுத்தோம். மாதம் 500 ரூபாய் என்று பேசினோம், அவர் 700 கட்டி முன்னதாகவே முடித்துவிட்டார். இன்ஷா அல்லாஹ் இந்த மழைக்காலத்துக்கும் அதே ஏற்பாடு உண்டு. பிழைப்புக்கோ படிப்புக்கோ போன் தேவைப்படுகிறவர்கள் மஹல்லா ஜமாஅத் கடிதத்துடன் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். வீட்டில் சும்மா கிடக்கும் ஓடுகிற போன் இருந்தால் கொண்டுவந்து தாருங்கள். உங்கள் படங்களையும் கணக்கையும் அழித்துவிட்டுத் தாருங்கள். சென்ற முறை ஒருவர் தன் நிக்காஹ் படங்களோடு கொடுத்துவிட்டார், திரும்பக் கூப்பிட்டுக் கொடுத்தோம்.