வோம்பாட் வழக்கும் எங்கட மடிக்கணினியும்

(சிட்னி உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நாங்கள் கூடியிருக்கிறது தாருக் மக்களின் நிலம். அவர்கள் இதை எவருக்கும் எழுதிக் கொடுக்கேல்லை.

இண்டைக்கு எங்களுக்கு முன்னால இருக்கிற கேள்வி சின்னதுதான். அமைப்பின் பொது மடிக்கணினியில், போஸ்டர் செய்யவும் காணொளி வெட்டவும், கிராக் பண்ணின மென்பொருளைப் போடலாமா? "பெரிய கம்பெனிதானே, அவைக்கு என்ன நட்டம்?" எண்டு சிலர் கேட்கினம். "அது களவு" எண்டு வேறு சிலர் சொல்லுகினம். இரண்டு பதிலும் எனக்குப் போதாது.

முதலில் களவு என்ற சொல்லைப் பார்ப்பம். என்ர சைக்கிளை ஒருவர் களவெடுத்தால் என்னட்டச் சைக்கிள் இல்லை. மென்பொருளைப் படியெடுத்தால் மூலம் உரியவரிடமே இருக்கும். சட்டமும் இதைப் பதிப்புரிமை மீறல் எண்டுதான் சொல்லுது. அந்த உரிமையைக் கொடுத்தது 1968ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அது இயற்றப்பட்டபோது கணினி நிரல் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்கேல்லை.

பிறகு எப்படி உள்ளே வந்தது? 1980களின் தொடக்கத்தில் "வோம்பாட்" என்ற கணினி இங்கே விற்பனைக்கு வந்தது. ஆப்பிள் 2 கணினியைப் பார்த்துச் செய்தது. உள்ளே இருந்த நிரல்களும் ஆப்பிளின் நகல். ஆப்பிள் வழக்குப் போட்டது. 1983 டிசம்பரில் ஃபெடரல் நீதிமன்ற நீதிபதி போமன்ட், சில்லுக்குள் இருக்கும் நிரல் "இலக்கியப் படைப்பு" அல்ல, அதற்குப் பதிப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தார். 1984 மே மாதம் மேல்முறையீட்டில் ஆப்பிள் வென்றது. ஆனால் பாராளுமன்றம் இறுதித் தீர்ப்புக்குக் காத்திருக்கேல்லை. ஜூன் மாதமே சட்டத்தைத் திருத்தி, கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாக்கிப் போட்டுது. 1986இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் பழைய சட்டத்தின்படி ஆப்பிளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

இதே கதை இன்னும் இரண்டு தரம் நடந்தது. பிளேஸ்டேஷனில் நகல் விளையாட்டுகளையும் ஓட வைக்கிற சில்லு பற்றிய சிட்னி வழக்கில், 2005 அக்டோபரில் சோனி தோற்றது. அமெரிக்காவுடனான சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் அந்த ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்திருந்தது. அதை நிறைவேற்ற 2006இல் சட்டம் இறுக்கப்பட்டது. 2012 ஏப்ரலில், வாடிக்கையாளர்கள் படங்களைப் பகிர்ந்ததற்கு ஐஐநெட் நிறுவனம் பொறுப்பல்ல என்று தீர்ப்பு வந்தது. 2015இல் இணையத்தளங்களை முடக்கும் சட்டம் வந்தது.

மறுபக்கத்தையும் பாருங்கோ. 2013இல் சட்டச் சீர்திருத்த ஆணைக்குழுவும் 2016இல் உற்பத்தித்திறன் ஆணைக்குழுவும், மக்களுக்கு "நியாயமான பயன்பாடு" என்ற விரிந்த உரிமை வேணும் எண்டு பரிந்துரைத்தன. அது சட்டமாகவே இல்லை. ஆக, இந்தச் சட்டம் நடுநிலையாக வானத்தில இருந்து விழுந்ததில்லை.

ஆனால் அநியாயமான சட்டமும் சட்டம்தான், பிடித்தால் பிடித்ததுதான். அனுமதியில்லாமல் படியெடுப்பது மீறல். "நாங்கள் காசு வாங்கேல்லை" எண்டு சொல்லித் தப்பேலாது. வாங்கிய மென்பொருளுக்குப் பாதுகாப்புப் பிரதி எடுக்கலாம். படிப்பு, விமர்சனம், நையாண்டி போன்ற சிலவற்றுக்கு நியாயமான கையாளல் உண்டு. ஒரு முழு மென்பொருளைப் பூட்டுடைத்துப் போஸ்டர் செய்வது அதற்குள் வராது. பெரும்பாலும் இது உரிமையாளர் நட்டஈடு கேட்டுப் போடுகிற வழக்கு. வணிக அளவில் செய்தால் 5 ஆண்டு வரை சிறையும் உண்டு.

இப்ப என்ர உண்மையான கேள்வி: அந்த மடிக்கணினி யாருடைய வீட்டில இருக்கும்? நான் இங்க பிறந்தனான். என்னட்ட நீலப் பாஸ்போர்ட் இருக்கு. எனக்கு வந்தால் ஒரு வக்கீல் கடிதம். எங்கட கூட்டங்களுக்கு வாற, படகில் வந்து வருடக்கணக்காக பிரிட்ஜிங் விசாவில் இருக்கிற அண்ணாமாருக்கு அப்படியில்லை. 2013 டிசம்பரில் இருந்து அவர்களிடம் நடத்தை விதிக்கோவை ஒன்றில் கையெழுத்து வாங்கப்படுகிறது. ஆஸ்திரேலியச் சட்டம் எதையும் மீறக்கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. மீறினால் விசாவே போகலாம். என்னுடைய துணிச்சலுக்கு அவர்கள் ஏன் விலை கொடுக்க வேணும்?

இன்னொன்று. கிராக் பண்ணினாலும் நாங்கள் அந்தக் கம்பெனியின் கருவியைத்தான் பழகுகிறோம். நாளைக்கு வேலைக்குப் போனால் அதைத்தான் கேட்போம். இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கட்டற்ற மென்பொருளில் ஜிபிஎல் உரிமம், அதே பதிப்புரிமையைத் திருப்பிப் பிடித்து, "படியெடு, மாற்று, கொடு; வாங்குபவருக்கும் அதே உரிமையைக் கொடு" என்கிறது. எங்களில் பலர் தமிழில் தட்டச்சு செய்யப் பழகிய இ-கலப்பையும் அப்படித் தமிழர்கள் கூடிச் செய்து பகிர்ந்ததுதான்.

ஆகவே மூன்று முன்மொழிவுகள். ஒன்று, பொது மடிக்கணினியில் கிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், கேடென்லைவ் மட்டும். முதல் இரண்டு மாதம் கஷ்டமாத்தான் இருக்கும்; சேர்ந்து பழகுவம். இரண்டு, ஏதாவது ஒன்றின் தமிழ் மொழிபெயர்ப்பில் நாங்களும் கை வைப்பம். மூன்று, நியாயமான பயன்பாட்டு உரிமை கேட்டு எங்கட எம்பிமாருக்கு எழுதுவம். சட்டத்தை மாற்றக் கம்பெனிகள் கேட்டிச்சினம், கிடைத்தது. நாங்கள் இன்னும் கேட்கவே இல்லை.

வாக்கெடுப்புக்கு விடுறன். எதிர்ப்பு இருந்தால் முதலில் அதைக் கதைப்பம்.