பூச்சிநாசினியும் நீரிழிவும்

கந்தளாய்க் கமக்காரப் பெருமக்களே,

நீரிழிவு சீனியுண்போர்க்கே உரிய நோய் என எண்ணற்க. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர் திருப்பரங்குன்றப் பகுதிக் கிராமங்களில் 3,080 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள்: பூச்சிநாசினியுடன் நேரிற் புழங்கியோரில் நூற்றுக்கு 18.3 பேர், புழங்காதோரில் 6.2 பேர் நீரிழிவுடையோர். மொனோகுரொட்டோபோஸ் நெடுநாள் ஊட்டிய எலிகளிலோ, குடல் நுண்ணுயிர்கள் நஞ்சைச் சிதைத்து வினாகிரியிலுள்ள அமிலமாக்க, உடல் அதிலிருந்து சீனியை ஆக்கிற்று. மனிதரில் இன்னும் ஆய்வு வேண்டும். அதுவரை வாளாவிருத்தல் விவேகமன்று. அந்நஞ்சை இலங்கை 1995இல் தடைசெய்தது. அவ்வினத்து நஞ்சுகள் வேறும் உள.

ஆதலால் வயலில் நாளை எண்ணி விசிறாது, பீடையை எண்ணி விசிறுங்கள். காற்றுக்கு எதிரே நில்லாதீர். கத்தரி, மிளகாயைச் சுட்டுத்துண்டிற் குறித்த நாட்கள் கழியுமுன் பறியாதீர். விசிறும்போது அணிந்த சட்டையைப் பிள்ளைகளின் துணியோடு தோய்க்காதீர். தெளிகருவியை வாய்க்காலிற் கழுவாதீர். கீழ்வயற்காரரும் அந்நீரையே அள்ளுவர்.